ஊதினாலும் போகாத புழுதி

விஜயநகர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு நர்சுகள். இளையவர் சொன்னார்: “மூணு நாள் கஷ்டப்பட்டு காரை அழுக்காக்குனேங்க்கா.”

காதைத் தீட்டிக்கொண்டேன். என் ஸ்கூட்டர் எந்த உழைப்புமின்றி அந்த நிலையை எட்டியிருக்கிறது.

“உள்ளங்கை அகல மாடல் கார்ங்க்கா. எங்க ஹனூர் செம்மண்ணை டீ வடிகட்டியில சலிச்சு, பசையில கலந்து பூசுனேன். மாடல் கார் போட்டியில நடுவர், ‘தூசிகூடத் தட்டலியேம்மா, மார்க் போயிருமே’ன்னாரு.”

“ஐயோ! நீ என்ன சொன்னே?”

“‘நீங்களே தட்டிப் பாருங்க சார்’னேன். ஊதுனாரு, கர்ச்சீப்ல தொடச்சாரு. ஒண்ணும் போகல. முன்கண்ணாடியில வைப்பர் ஓடுன இடம் மட்டும் சுத்தமா இருக்கறத அப்பத்தான் பார்த்தாரு.”

“ஹௌதா, அப்படியா! அப்புறம்?”

“முதல் பரிசுங்க்கா! அந்தக் கோப்பையை மட்டும் தெனம் ரெண்டு தடவ தொடைக்கிறேன்.”