காலிச் சங்கில் குடித்தனம்

சிவாஜிநகர் பஸ்ஸில் என் பக்கத்து இளைஞன் மடியில் ஒரு பெரிய பையோடு தூங்கிக்கொண்டிருந்தான். பின் சீட்டில் ஒரு கணவன் மனைவி.

“கடற்கரையிலேர்ந்து ஒரு லேஅவுட் வீடுங்களையே அள்ளிட்டு வந்திருக்கே,” என்றார் கணவர்.

“காலிச் சங்குங்க. ஷோகேஸ்ல வெக்கத்தான்.”

“கடலடியில வெறும் மணல்ல காலிச் சங்கு ஒண்ணு கெடந்தா போதும். உள்ள நண்டு குடிவரும், மேல பாசி ஒட்டும், சின்ன மீன் முட்டை வெக்கும்.”

“நம்ம ஹால் மாதிரி. உங்க தம்பி வந்தாரு, பின்னாலயே அவரு ஃப்ரெண்டு, கிடாரு, பூனை. ஆமா, அந்த நண்டு வளந்துட்டா?”

“வேற பெரிய சங்கு தேடிப் போயிடும்.”

“அதை உங்க தம்பிகிட்டயும் கொஞ்சம் சொல்லுங்க.”

என் பக்கத்து இளைஞன் கண்ணைத் திறக்காமலே பேசினான்.

“கேட்டுச்சு அண்ணி. காலி வீட்டையெல்லாம் மூட்டை கட்டி என் மடியில வெச்சிட்டீங்க. நான் எங்க போறது?”