மைக்கேல்ராஜு கழட்டின கைப்பிடி

ஆமாம்மா, வாலாஜாபாத் பஸ்ஸுதான். நல்லா சாஞ்சி குந்துங்க, அந்தப் பைய என் காலாண்ட வெச்சிக்கிறேன். திண்டுக்கல்லுலேர்ந்தா வர்றீங்க? இடுப்பு இன்னாத்துக்கு ஆவும். புள்ளையப் பாக்கவா? பேரு மைக்கேல்ராஜுவா? தண்ணி டிபார்ட்மென்ட்ல ஆபீசரா?

சிரிக்கலம்மா. என் மூஞ்சியே அப்படித்தான்.

அவரை எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். தண்ணி டிபார்ட்மென்ட்டுதான், பொய்யில்ல. ஆனா குடிக்கிற தண்ணி இல்ல. டவுன்ல கழுவி வுடற கக்கூஸ் தண்ணி, சாக்கடைத் தண்ணி பூரா எங்க ஊர் ஓரத்துல கீற பெரிய தொட்டிங்களுக்குத்தான் வரும். மோட்டாரு வெச்சிக் கலக்கி, அழுக்கு அடங்கித் தெளிஞ்சப்புறம்தான் ஓடையில வுடணும். ஓடை நேரா பாலாத்துக்குப் போவுது. அந்த மோட்டாரைப் பாத்துக்கிறவருதான் உங்க புள்ள.

எங்கம்மா எந்திரிக்கிறீங்க? நடுரோட்டுல எறங்கி இன்னா பண்ணுவீங்க? குந்துங்க. முழுசாக் கேளுங்க.

நாத்தமா? அடிக்கும். அவரு வந்தா டீக்கடை பெஞ்சே காலியாய்டும். அவருக்கு அது வசதி, காலை நீட்டிகினு டீ குடிப்பாரு.

போன கோடையில அந்த மோட்டாரு பொகைஞ்சு நின்னுடுச்சு. சூப்பர்வைசர் தசரதன் வந்து, தொட்டி மதகு ஷட்டரைத் தூக்கி அழுக்குத் தண்ணிய அப்படியே ஓடையில வுட்றுன்னுட்டாரு. எங்க பாலாறு வெறும் மணலும்மா. அதுல ஊத்து தோண்டித்தான் ஊரே குடிக்குது. பக்கத்துத் தொட்டி காலியா கீது, டீசல் இன்ஜின் வெச்சி அதுக்கு மாத்திக்கலாம்னு இவரு சொல்லிப் பாத்தாரு. வேலை பூடும்னு மெரட்டினாரு அந்தாளு. இவரு சண்டையே போடல. ஷட்டரைத் தூக்கற சக்கரக் கைப்பிடிய, இம்மாம் பெரிசு, கழட்டித் தோள்ல மாட்டிகினு, டீ குடிச்சிட்டு வரேன் சார்னு பூட்டாரு.

எங்க பூட்டாரு? ஊத்தாண்ட குடத்தோட நின்ன ஒரு பொண்ணாண்ட குடுத்து, கொஞ்சம் ஒளிச்சு வையின்னாரு. அவ அதை மணல்ல பொதைச்சு, அது மேலயே குந்திகினு தண்ணி மொண்டுகினு இருந்தா. மொபட்டுல தெருத்தெருவா சுத்தின தசரதன் கடைசியில அங்கயே வந்து, கைப்பிடியப் பாத்தியான்னு கேட்டாரு. வேர்த்துக் கொட்டுது பாவம். ஒரு சொம்பு ஊத்துத் தண்ணி குடுத்தா. மடமடன்னு குடிச்சாரு. இதுலயா சார் அதை வுடச் சொன்னீங்கன்னு கேட்டா. சுத்தி நின்ன பொம்பளைங்க எல்லாரும் அவரையே பாத்தாங்க. சாயந்தரம் இன்ஜின் வந்துடுச்சு.

உங்க புள்ளைய சஸ்பெண்டு பண்ணாங்க. ஆனா அந்த நாத்தத்துல நிக்க வேற ஆளு கெடைக்கல, அவங்களே திரும்பக் கூப்ட்டுகினாங்க.

ஆபீசர்னு ஏன் எழுதினாரா? நீங்க அழுவீங்கன்னுதான். சூப்பர்வைசருக்குப் பயப்படாத மனுசன் உங்களுக்குப் பயந்து நடுங்கறாரு. அதான், செங்கல்பட்டுக்கே போய் அம்மா பக்கத்துல குந்திகினு, பதமா சொல்லிக் கூட்டினு வான்னு என்னை அனுப்பினாரு.

அந்தப் பொண்ணா? எம் பேரு மெர்சி. கோயில்ல எங்க ரெண்டு பேருக்கும் கல்யாண ஓலை வாசிக்கணும், பங்குச் சாமியாரு உங்க சம்மதத்துக்குத்தான் காத்துகினு கீறாரு. கண்ணைத் தொடைச்சிக்குங்க அத்தே, ஸ்டாப்பு வந்துடுச்சு. அதோ நிக்கறாரு பாருங்க. நல்லா சோப்பு போட்டுக் குளிச்சிட்டுத்தான் வந்திருப்பாரு, தைரியமா கிட்டப் போங்க.