ஆளில்லாக் காணி

மீன் மணம் எனக்குச் சிறுவயதிலிருந்தே ஒத்துக்கொள்ளாது. மீன்பிடி ஊரான கற்பிட்டியில் பிறந்தவன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள், இன்ஸ்பெக்டர். புத்தளத்தில் என் சட்டத்தரணிக் கந்தோரில் எனக்கும் கட்சிக்காரருக்கும் நடுவே அகலமான மேசை போட்டதும் அதனால்தான்.

யுத்தம் முடிந்ததும் கரையோரக் காணிக்கு வந்த கிராக்கி உங்களுக்குத் தெரியும். கம்பனிகளின் வியாபாரத் தகராறு, வேலைநீக்கம், காணி என்று எல்லா வழக்கும் என்னிடம் வரும். ஹோட்டல் கம்பனியொன்று ஒரு கடற்கரைக் காணிக்காக என்னை அமர்த்தியது. அங்கே வாடி என்கிற ஓலைக் குடிசைகள் போட்டுக் குடியிருந்த மீனவர்களும், விசயம் தெரியாமல், என்னிடமே வந்தார்கள். அவர்களையும் ஏற்றுக்கொண்டேன். இரு பக்கமும் அறிந்தவன்தான் நியாயமாக நடக்க முடியும்.

அவர்களின் தலைவர் லோறன்ஸ் மேசையைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். அவர் போனதும் சவர்க்காரம் போட்டுக் கழுவுவேன்.

காணியில் ஆட்கள் இருக்கும்வரை வழக்கில் கம்பனி வெல்லாது. தலவில அன்னம்மாள் கோவில் திருநாள் நெருங்கியது.

"எல்லாரும் குடும்பத்தோட போயிட்டு வாங்க. வாடிய நான் பாத்துக்கொள்றன்" என்றேன்.

"அம்மாக்கு எழும்ப ஏலாது, சேர். மகள் மெலனி கூட நிக்கட்டும்."

"மெலனியையும் கூட்டிப் போங்க. அம்மாவப் பாக்க நான் ஆள் அனுப்புறன்."

அவர் கண் கலங்கினார். "சேருக்காகவும் அன்னம்மாவிட்ட ஒரு மெழுகுதிரி கொளுத்துறன்."

நான் ஆள் அனுப்பவில்லை. அவர்கள் திருநாளுக்குப் போனதும், காணி காலி என்று கம்பனி மனேஜர் சியாமுக்குச் சொன்னேன். மறுநாள் காலை வாடிகளை இடிக்க பெக்கோ இயந்திரம் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் சியாம் போன் எடுத்தார்.

"சேர், ஒரு வாடிக்குள்ள ஆரோ இருமுறாங்க போல."

"நாயா இருக்கும். நிப்பாட்ட வேணாம்."

லோறன்ஸின் தாய் பாக்கியம்மாவின் அடக்கத்துக்கு லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனேன். லோறன்ஸ் அழுதழுது, மூக்குச்சளி வழிய, என் கையைப் பிடித்தார். "இனியும் நீங்கதான் எங்களுக்காகப் பேச வேணும், சேர்." இத்தனைக்குப் பிறகும் ஒரு மனிதன் இப்படி நம்பலாமா? அருவருப்பாக இருந்தது.

கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள். அந்த மனுசி உள்ளே கிடந்தது எனக்குத் தெரியும். ஆனால் காணியில் ஆளில்லை என்று நான் நீதிமன்றத்தில் பொய் சொன்னதாக மட்டும் எழுதாதீர்கள். வழக்கு எடுத்த அன்று அந்தக் காணியில் உண்மையாகவே ஒருவரும் குடியிருக்கவில்லை.