கோணிக்குத் திருப்பி அனுப்பிய நாய்

வட ஆற்காடு ஜில்லா, ஆம்பூர் போலீஸ் ஸ்டேஷனில் 1932-ம் வருஷம் ஜூலை மாதம் 11-ந் தேதி திங்கட்கிழமை பகல் பதினோரு மணிக்கு, யாரும் அழைக்காமல் தானாக வந்த பெண் சொல்ல, சப் இன்ஸ்பெக்டரால் கேட்டு எழுதப்பட்டது.

என் பெயர் செண்பகம். தகப்பனார் பெயர் சுப்பராயன். வயது பதினாறு. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஷாப்பின் முன் கேட்டை ஒட்டிய வீட்டில் குடியிருக்கிறேன். என் தகப்பனார் அந்த ஷாப்பில் பன்னிரண்டு வருஷமாகக் காவல்காரர். நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். அதன் பிறகு ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிக்கும் வேலைக்குப் போனதால் படிப்பு நின்றுவிட்டது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். மூன்று நாளாக இந்த ஸ்டேஷனில் வைக்கப்பட்டிருக்கும் சுப்பராயன் என் தகப்பனார். வெளியே வேப்பமரத்தில் கட்டியிருப்பது நான் வளர்க்கும் நாய். அதன் பெயர் சிப்பாய்.

ஷாப்பு மேஸ்திரி கவுஸ் பாஷா போன வெள்ளிக்கிழமை தோல் ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் விழுந்து இறந்துபோனார். என் தகப்பனார் நாயை ஏவி அவரைக் குழியில் தள்ளினார் என்று மேஸ்திரியின் மனைவி வஹீதா அம்மாள் பிராது கொடுத்திருப்பது எனக்குத் தெரியும். அன்றைக்கே என்னை விசாரித்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். அது பொய். சுற்றிலும் ஆண்கள் நின்றார்கள், எனக்குப் பேச வாய் வரவில்லை. இப்போது நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

சிப்பாய் ஷாப்புக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. களத்தில் காயப்போட்ட தோலைத் தெருநாய் இழுக்காமல் பார்ப்பது அதன் வேலை. ஷாப்புக்கு இரண்டு மனை தள்ளிப் பள்ளிவாசல் இருக்கிறது. தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போதெல்லாம் சிப்பாய் தலையைத் தூக்கி ஊளையிடும். பள்ளிவாசலில் இருந்து இரண்டு முறை பெரியவர்கள் வந்து வருத்தப்பட்டுப் போனார்கள். அதன் பிறகு மேஸ்திரி கவுஸ் பாஷா ஈரத்தோல் வாரால் அதை அடிக்க ஆரம்பித்தார். அடிக்க அடிக்க அது ஜாஸ்தியாக ஊளையிட்டது. ஒருநாள் வார் கண்ணில் பட்டு ரத்தம் வந்தபோது என் தகப்பனார் அவர் கையைப் பிடித்து, "இந்த நாயி ஒருநாள் உன்னப் பாத்துக்கும் மேஸ்திரி" என்று சொன்னார். அதைப் பத்துப் பேர் கேட்டார்கள். அது உண்மை, நான் மறைக்கவில்லை. அது நடந்தது போன கார்த்திகை மாதத்தில்.

அதன் பிறகு மானேஜர் ஆபித் பாஷா என் தகப்பனாரைக் கூப்பிட்டு, "சுப்பராயா, நோன்பு தொடங்குறதுக்குள்ள இது ஓயணும், இல்லன்னா முனிசிபாலிட்டி ஆளுகிட்ட புடிச்சுக் குடுத்துடுவேன்" என்று சொன்னார். முனிசிபாலிட்டி ஆள் நாய்களை என்ன செய்வார் என்பது ஊருக்குத் தெரியும். அதனால் நான் அதைப் பழக்க ஆரம்பித்தேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் ஜனங்களோடு அதிகம் பேசுகிறவள் அல்ல, பட்டை இடிக்கும்போதும் நாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். பாங்கு தொடங்கும்போது அதன் காது பின்னால் படியும், நாக்கால் மூக்கை நக்கும், தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடும், வாலை இடுக்கிக்கொண்டு ஓடுவதற்கு இடம் பார்க்கும். அது திமிரில் ஊளையிடவில்லை என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன். அடி வாங்கிய பிறகு பாங்கு என்றால் அடி என்று அதற்குப் பதிந்துவிட்டது, சில நாள் பாங்குக்கு முன்பே நடுங்கியது.

நான் அதை ஒருமுறைகூட அடிக்கவில்லை. வேகவைத்த ஆட்டுக்குடல் துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, புங்கமரத்தடியில் ஒரு கோணியைப் போட்டு அதில் சிப்பாயை உட்கார வைத்தேன். பாங்கு தொடங்கி ஒரு மூச்சு நேரம் அது சும்மா இருந்தால் ஒரு துண்டு கொடுத்தேன். அடுத்த நாள் இரண்டு மூச்சு. ஊளையிட்டால் திட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கோணியை விட்டு எழுந்தால் விரலைக் காட்டி "கோணி" என்று மட்டும் சொல்வேன், அது திரும்பப் போய் உட்காரும். நான் அதன் காதைத் தொட்டால் போதும், இனி எழுந்திருக்கலாம், குரைக்கலாம் என்று அர்த்தம். ஐந்து வாரத்தில் பாங்கு கேட்டதும் அது தானாகக் கோணிக்கு ஓடி வாயை மூடிக்கொண்டது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பும் வரை அப்படியே இருக்கவும் பழக்கினேன். முனிசிபாலிட்டி ஆள் வரவில்லை. எனக்கு அதில் பெருமை இருந்தது.

இந்த வாக்குமூலம் இதுவரை எழுதியபோது பகல் பாங்கு கேட்டது. காலையிலிருந்து வேப்பமரத்தடியில் குரைத்துக்கொண்டிருந்த சிப்பாய் நிறுத்திவிட்டது. இன்ஸ்பெக்டர் அய்யாவும் இரண்டு போலீஸ்காரர்களும் வெளியே வந்து பார்த்தார்கள். ஒரு போலீஸ்காரர், "சிப்பாய்னா நம்ம டிபார்ட்மெண்டுதான், சம்பளம் போட்டுடலாம்" என்று சொல்லிக்கொண்டே தடியை அதன் முகத்துக்கு நேராக ஓங்கினார். அது மூக்கை நக்கியது, குரைக்கவில்லை. அங்கே கோணி இல்லாததால் என் முகத்தையே பார்த்தது. நான் போய்க் காதைத் தொட்ட பிறகுதான் குரைத்தது. இதை இன்ஸ்பெக்டர் அய்யா கண்ணால் பார்த்தார், அவர் சம்மதத்தோடு இங்கே எழுதப்படுகிறது.

சிப்பாய்க்கு மேஸ்திரி மேல் பகை என்று எல்லோரும் சொல்கிறார்கள். முதலில் அப்படித்தான் இருந்தது, அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே தோல் கட்டுக்குப் பின்னால் போய்விடும். நான் பழக்க ஆரம்பித்தபோது அவர், "இன்னா பொண்ணு, நாய்க்குப் பள்ளிக்கூடமா? நீயே மூணாங்கிளாஸ்ல நின்னவ" என்று சிரித்தார். அது வாயை மூடிய பிறகு அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவார். ஒன்றரை மாதத்துக்கு முன்பு ஒருநாள் மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு வந்து, "என் கையில வாங்குமா?" என்று கேட்டார்.

"உக்காந்து குடுங்க மேஸ்திரி. அத நேராப் பாக்காதீங்க" என்றேன்.

"ஏன், என் மூஞ்சி அவ்ளோ பேஜாரா?" என்றார்.

இருந்தாலும் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து கையை நீட்டினார். சிப்பாய் பின்னங்காலைத் தள்ளியே வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டித் துண்டைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. அதன் பிறகு அவர் தினமும் வந்தார். மூன்றாவது வாரம் அது ஓடாமல் பக்கத்தில் நின்று தின்றது. ஜூலை முதல் தேதி அது அவர் முழங்காலில் சாய்ந்து நின்றது. அவர் கையை அசைக்காமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். எழுந்து போகும்போது, "யாருகிட்டயும் சொல்லாத, மேஸ்திரின்னு ஒரு பயம் இருக்கணும்" என்று சொன்னார். அவர் கேட்டுக்கொண்டபடி நான் யாரிடமும் சொல்லவில்லை, என் தகப்பனாரிடம்கூடச் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை, ஜூலை 8-ந் தேதி, பாங்குக்குக் கொஞ்சம் முன்பே ஆட்கள் தொழுகைக்குப் போனார்கள், மற்றவர்கள் சாப்பிட வீட்டுக்குப் போனார்கள். மேஸ்திரியும் தொழுகைக்குப் போனவர்களோடு முன் கேட்டு வழியாக வெளியே போனதை நான் பார்த்தேன். என் தகப்பனார் கேட்டைச் சாத்தி அதன் அருகே கல்லில் உட்கார்ந்தார். நான் பட்டைக் கொட்டகையில் உட்கார்ந்து கூழ் குடித்தேன். கொட்டகையிலிருந்து முன் கேட்டும் புங்கமரமும் தெரியும். சுண்ணாம்புக் குழிகள் கொட்டகையின் பின்சுவருக்கு அப்பால் இருப்பதால் தெரியாது. பாங்கு முடியும் வரையும், அதன் பிறகும், என் தகப்பனார் அந்தக் கல்லை விட்டு எழுந்திருக்கவில்லை. இது சத்தியம்.

மேஸ்திரி தொழுகைக்கான தொப்பியைத் தோல் கொட்டகை ஆணியில் மறந்து வைத்துவிட்டு, அதை எடுக்கப் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறார். அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பின்வாசலுக்குப் போகக் குறுக்குவழி இரண்டு குழிகளுக்கு நடுவே போட்ட பலகை. அது எப்போதும் ஈரமாக இருக்கும். தொப்பி அந்தப் பலகையில் கிடந்தது. ஈரத்தோலைக் கல்லில் போடுவது போல ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. அது ஷாப்பில் நாள் முழுவதும் கேட்கும் சத்தம். அந்த நேரத்தில் தோல் போட ஆள் இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. கூப்பிடும் சத்தம் எதுவும் கேட்கவில்லை. தலையில் பலகை முனை அடித்த காயம் இருந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

சத்தம் கேட்டதும், பாங்குக்கே கோணியில் போய் உட்கார்ந்திருந்த சிப்பாய் எழுந்து சுவருக்குப் பின்னால் போனது. கொஞ்ச நேரத்தில் என்னிடம் வந்து எதிரே உட்கார்ந்து, குரைக்காமல், ஒரு முன்னங்காலைத் தூக்கிக் காட்டியது. துண்டு கேட்கும்போது அப்படிச் செய்யும். நான் "கோணி" என்று சொன்னேன். அது போகாமல் என் தாவணி முனையைக் கவ்வி இழுத்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அது மறுபடியும் சுவருக்குப் பின்னால் போனது.

இரண்டாம் முறை வந்தபோது அது நடுங்கிக்கொண்டிருந்தது. காது பின்னால் படிந்திருந்தது, மூக்கை நக்கியது, கொட்டாவி விட்டது. வெகுநாள் கழித்து அதற்குப் பழைய பயம் வந்துவிட்டது, இத்தனை நாள் பழக்கியது வீணாகப் போகிறது என்று நினைத்தேன். அதன் முன்னங்கால் இரண்டும் முட்டி வரை வெள்ளையாக இருந்தன. நான் வெள்ளையைப் பார்த்தேன். சுண்ணாம்பு என்றும் தெரிந்தது. குழி ஓரத்தில் விளையாடியிருக்கிறது, தோல் வெந்துவிடும் என்று நினைத்து, குடிக்கிற தண்ணீரை ஊற்றிக் கழுவி, தாவணியால் இரண்டு காலையும் துடைத்துவிட்டேன். அதன் பிறகு கையைப் பிடித்துக் கொண்டுபோவது போலக் கழுத்தைப் பிடித்துக் கோணி வரை கொண்டுபோய் உட்கார வைத்து, "கோணி" என்று சொன்னேன். அது உட்கார்ந்தது. தொழுகை முடியும் வரை எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆட்கள் திரும்பி வந்து கேட்டு திறந்ததும் நான் போய் அதன் காதைத் தொட்டேன். அது குரைத்துக்கொண்டே குழிக்கு ஓடியது. என் தகப்பனார் பின்னால் ஓடி, மேஸ்திரியின் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். என் தகப்பனார் கையிலும் வேட்டியிலும் சுண்ணாம்பு இருந்ததற்குக் காரணம் அதுதான். மேஸ்திரியின் சட்டைக் கையில் நாய்ப்பல் பட்டுக் கிழிந்திருப்பது உண்மை. கிழிசல் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளமாக இருக்கிறது, சதையில் ஒரு பல்லும் படவில்லை. கடித்தால் அப்படிக் கிழியாது, இழுத்தால்தான் அப்படிக் கிழியும். அதை வஹீதா அம்மாளுக்குக் காட்டிச் சொல்ல வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

குழியில் அவர் எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தார் என்று இன்ஸ்பெக்டர் அய்யாவைக் கேட்டேன். அவர் அதை எழுத வேண்டாம் என்றார். நான் கேட்டதை எழுதும்படி நான்தான் சொன்னேன்.

நாய் இரண்டு தடவை என்னிடம் வந்ததையும் நான் திருப்பி அனுப்பியதையும் என் தகப்பனார் கேட்டருகே கல்லில் உட்கார்ந்தபடி பார்த்தார். அவருக்கு அங்கிருந்து குழி தெரியாது, நான் செய்தது தெரியும். அதைச் சொன்னால் குற்றம் என்மேல் வரும் என்று மூன்று நாளாக வாயைத் திறக்காமல் இருக்கிறார். இன்று காலை நான் இங்கே வந்தபோது கம்பிக்குப் பின்னால் இருந்து என்னைப் பார்த்து, "எதுக்கு வந்த? ஊட்டுக்குப் போ" என்றார். நான் நின்றேன். மறுபடியும் விரலைக் காட்டி, "போன்னா போ" என்றார். நான் போகவில்லை.

மேலே எழுதியிருப்பது முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் பயமுறுத்தியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை. இதில் என் தகப்பனார் மேல் குற்றம் இல்லை, நாய் மேல் குற்றம் இல்லை என்பதை அறிந்து கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) சு. செண்பகம்