ஒரு கரண்டித் தீர்த்தம்

"அத்தை, இது உன்னப் பாத்துக் கை ஆட்டுதா, என்னப் பாத்துக் கை ஆட்டுதா?" என்று, நான் ஊரிலிருந்து வந்திருந்த ஒருநாள், என் தம்பி மகள் பாப்பா கேட்டாள். கண்ணாடித் தொட்டிக்குள் இருந்த டார்ச் பவளத்தைக் காட்டித்தான் கேட்டாள். விரல் விரலாக, நுனியில் மஞ்சளாக மின்னிக்கொண்டு, தண்ணீர் போகிற பக்கமெல்லாம் ஆடும் ஓர் உயிர். எதிர்ச் சுவரில் பூஜை அலமாரி இருந்தது. "சாமியப் பாத்து ஆட்டுது கண்ணு" என்றேன். குழந்தைக்குச் சொல்ல அது நல்ல பதில் என்று இன்றும் நினைக்கிறேன்.

டாக்டர், வினிதா எப்போதிலிருந்து பேசுவதில்லை என்று கேட்டீர்கள். வெளியே உட்கார்ந்திருக்கும் அவள் புருஷனுக்கு, என் தம்பி தேவேந்திரனுக்கு, அது தெரியாது. எனக்குத் தெரியும்.

பாப்பா டெங்குவில் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் நான் மதுராந்தகத்திலிருந்து அணுபுரம் குவார்ட்டர்சுக்கு வந்து தங்கினேன். யாராவது அடுப்புப் பற்றவைக்க வேண்டுமே. நான் பெரிய காரியங்களை நம்புகிறவள் அல்ல. காக்கைக்கு ஒரு பிடி சோறு, எறும்புக்கு ஒரு சிட்டிகை மாவு, வெயிலில் வருகிறவருக்கு ஒரு டம்ளர் மோர். இந்தச் சின்ன நன்மைகளில்தான் கடவுள் இருக்கிறார்.

அந்த வீட்டில் கடவுளுக்கு விளக்கு எரியவில்லை. தொட்டிக்கு மட்டும் நீல விளக்கு எரிந்தது. பக்கத்திலேயே கடலை வைத்துக்கொண்டு, பொட்டலத்தில் உப்பு வாங்கி, வடிகட்டிய தண்ணீரில் கரைத்து, வீட்டுக்குள் ஒரு கடல் செய்கிறவர்களை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அந்தக் கடலுக்குச் சூடு ஆகாதாம், குளிர்விக்க ஒரு இயந்திரம். அலை வேண்டுமாம், அதற்கு ஒரு மோட்டார். அலை நேராக அடித்தால் பவளத்தின் சதை கிழியுமாம், அதற்காக மோட்டாரைத் திருப்பி வைப்பது. தினமும் காலையில் வினிதா சின்னக் குப்பிகளில் அந்தத் தண்ணீரை எடுத்து, சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பாள். அந்தக் கவனத்தைக் குழந்தையின் ஜுரத்தில் காட்டியிருக்கலாம். நான் சொன்னதில்லை. நினைத்ததோடு சரி.

பிறந்தநாளுக்குப் பாப்பாவே பொறுக்கியெடுத்த பவளமாம். அதனால் வினிதா அதன் முன்னாலேயே உட்கார்ந்திருப்பாள்.

எதிர்வீட்டு ஜாய்சுக்கும் இதே பைத்தியம். ஜாய்ஸ் தொட்டியில் ஒருமுறை எல்லாம் செத்துப்போனபோது, வினிதா தன் பவளத்தில் ஒரு கிளையை நறுக்கிக் கொடுத்தாள். இவர்களுக்குள் அது ஒரு வழக்கம்.

"சும்மா குடுக்கறேன்னு நெனச்சிக்காத. நாளைக்கி என்னுது பூட்ச்சின்னா உன்னாண்டதான் வந்து நிப்பேன்."

"உன்னுது எங்க போவுது? நீதான் வாட்ச்மேன் கணக்கா அங்கியே குந்திகினு கீறியே."

இரண்டு பேரும் சிரித்தார்கள். குழந்தை போன வீட்டில் அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு துண்டுப் பவளத்துக்காக.

மாசி மகத்தன்று மாமல்லபுரம் போனேன். பெருமாள் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வந்தார். அவர் நீராடிய தண்ணீரைச் செம்புக் குடத்தில் மொண்டுவந்து, மறுநாள் காலை வீடெல்லாம் தெளித்தேன். தொட்டியிலும் ஒரு கரண்டி விட்டேன். நல்லெண்ணத்தில்தான். வினிதா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"இன்னா அண்ணி பண்றீங்க? செம்புல வெச்ச தண்ணியா இது?"

"பெருமாள் தீர்த்தம்மா."

"தீர்த்தமாவே இருக்கட்டும். செம்பு எறங்கின தண்ணி பவளத்துக்கு வெசம் அண்ணி. கோச்சிக்காதீங்க. எனக்குன்னு இது ஒண்ணுதான் கீது."

பிறகு அவளே வருத்தப்பட்டு எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். எனக்குக் கோபமில்லை. தீர்த்தத்தை விஷம் என்று சொன்ன வாய்க்காக ஒரு விளக்கு அதிகமாக ஏற்றினேன். தவிர, நோய் எங்கே இருக்கிறது என்று அவளே சொல்லிவிட்டாள் அல்லவா? எனக்குன்னு இது ஒண்ணுதான் என்று.

மிச்சத் தீர்த்தத்தை நான் கொட்டவில்லை. தீர்த்தத்தைக் கொட்டக்கூடாது. பூஜை அலமாரிக்குக் கீழே குடத்திலேயே இருந்தது. நாளாக ஆக உட்புறம் பச்சை பிடித்தது. தினமும் வினிதா குளிக்கப் போனதும், பூஜையை முடித்து, தொட்டியில் ஒரு கரண்டி விட்டேன். ஒரே ஒரு கரண்டி. ஒரேயடியாகச் செய்வது கொடுமை.

விரல்கள் முதலில் சுருங்கின. பிறகு சதை நார் நாராக உரிந்தது. வினிதா சாப்பாட்டை மறந்து குப்பிகளோடு போராடினாள். "செம்பு கீதான்னு பாத்தியா?" என்று ஜாய்ஸ் கேட்டாள்.

"செம்பு எங்கேந்து வரும்? அண்ணிக்கு ஒருவாட்டி சொன்னேன், அதோட தொட்டியாண்டயே வர்றதில்ல. அவங்களப் போயி சந்தேகப்படச் சொல்றியா?"

நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வெள்ளை எலும்பு மட்டும் நின்றது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "நான்தான் அண்ணி எத்தையோ கவனிக்காம உட்டுட்டேன். பாப்பாவுக்கும் இப்படித்தான். வெறும் ஜுரம்தானேன்னு இருந்துட்டேன்."

அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். "வுடும்மா. உனக்கு வளக்குற ராசி இல்ல" என்றேன்.

அன்றிலிருந்துதான், டாக்டர்.

மற்றபடி வீடு நன்றாக இருக்கிறது. விளக்கேற்று என்றால் ஏற்றுகிறாள். கோயிலுக்கு வா என்றால் வருகிறாள். உட்கார் என்றால், எழுந்திரு என்று சொல்லும்வரை உட்கார்ந்திருக்கிறாள். தொட்டி மட்டும் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தத் தம்பிக்கு மனம் வரவில்லை.

போன வாரம் ஜாய்ஸ் வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்தது. சாமான்கள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் நிரப்பிய ஒரு கண்ணாடி டப்பாவோடு வந்தாள். வினிதா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எழுப்பாதீங்கக்கா. அவ குடுத்த கிளைதான், நல்லா வளந்து கீது. தொட்டித் தண்ணியெல்லாம் புதுசா மாத்திட்டு உள்ள உட்டுடுங்க. எழுந்ததும் இத்த அவ கண்ணுல காட்டுங்க, போதும். பேசிடுவா."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பேசிவிடுவாள். பிறகு மறுபடியும் அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிடுவாள்.

காட்டுகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். லாரி போய்விட்டது. ஜாய்ஸ் பட்ட கடன் அடைந்துவிட்டது. அது அடைந்ததை யாரும் பார்க்கவில்லை.

டப்பாவைப் பூஜை அலமாரிக்கு எடுத்துக்கொண்டு போனேன். குடத்தில் இன்னும் கொஞ்சம் தீர்த்தம் இருந்தது. இந்த முறை கரண்டி தேவைப்படவில்லை. பவளத்தைக் குடத்துக்குள் விடும்போது தண்ணீர் அலம்பி, மஞ்சள் நுனிகள் ஆடின. பாப்பா கேட்டது நினைவுக்கு வந்தது. அறையில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. என்னைப் பார்த்துத்தான் ஆட்டியது.

நன்றி சொல்லத்தான் இருக்கும்.