நூற்று நாற்பத்து நான்கு வாட்

ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டை ஒழுங்காகச் சோதிக்க அரை மணி நேரம் பிடிக்கும். அந்த அரை மணி நேரமும் கடையின் மின்விசிறியை நிறுத்திவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டின் சூடு சரியாகத் தெரியாது. சுரபாயாவின் வெயிலில் அப்படி உட்கார்ந்திருக்க யாருக்கும் மனம் வருவதில்லை. நான் பதினோரு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். தர்முஜி என்ற என் பெயரை எழுதிக்கொண்டீர்கள். அதற்கு அருகில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

எங்கள் சந்தையில் விற்பவை எல்லாம் பிறர் பயன்படுத்திக் கழித்த கார்டுகள். விற்பவர் தரும் உத்தரவாதம் ஏழு நாள், அதுவும் வாய்ச்சொல். ஆகவே வாங்குபவர்கள் நம்புவதற்கு என் ஒப்பீட்டு அட்டவணை ஒன்றுதான் இருந்தது. நினைவகம் எவ்வளவு, மூன்று விளையாட்டுகளில் நொடிக்கு எத்தனை படங்கள், எவ்வளவு சூடு, எவ்வளவு மின்சாரம் என்று ஒவ்வொன்றையும் நானே அளந்து எழுதினேன். படிப்பவர்களுக்குச் சலிப்புத் தட்டாதிருக்கக் கார்டுகளுக்குப் பெயரும் வைத்தேன். ஒரு பழைய பெரிய கார்டு காளை. அதற்கு மூன்றாண்டு இளைய சிறிய கார்டு சிட்டு. இரண்டும் ஒரே வயலில் வேலை கேட்டு வந்த கதையாக அந்த ஒப்பீட்டை எழுதினேன். காளை வேகமாக உழும். ஆனால் நிறையத் தின்னும். முழு வேகத்தில் அதற்கு இருநூற்று நாற்பத்து நான்கு வாட் வேண்டும். சிட்டுக்குத் தொண்ணூறு போதும். சந்தையே படித்துச் சிரித்தது.

இரண்டாண்டுகளுக்கு முன் பாஸ்கோரோ என் எதிரில் கடை போட்டான். ஒரு மாதத்தில் அவன் கண்ணாடியிலும் ஓர் அட்டவணை தொங்கியது, வண்ணத்தில். எண்கள் என்னுடையவை. போய்க் கேட்டேன்.

"என்ன பாக் நீங்க, எண்ணுக்கெல்லாமா பட்டா போட்டு வச்சிருக்கீங்க?" என்றான், 'பாக்' என்ற மரியாதைச் சொல்லை மட்டும் விடாமல். "நீங்க வேர்வையில ஊறி ஒரு கார்டை முடிக்கிறதுக்குள்ள நான் நாப்பது போட்டுடுவேன்."

"ஒண்ணாவது அளந்தியா?"

"அளக்கிறவர் எதிர்லயே இருக்காரு. எனக்கு எதுக்கு அந்தப் பாடு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வணிகர் சங்கத்தில் முறையிட்டேன். தலைவர் நியாயமான மனிதர். "ஒரே கார்டை ரெண்டு பேர் அளந்தா ஒரே எண்ணுதானே வரும், பாக்? திருடினான்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

அவர் சொன்னது சரி. சரியான எண் இருவருக்கு ஒன்றாக அமையலாம். தவறான எண் அப்படி அமையாது. ஆகவே என் அட்டவணையில் ஒரு தவறு வேண்டியிருந்தது. விளையாட்டு வேகத்தில் கைவைத்தால் வாங்குபவர் அன்று மாலையே கண்டுபிடித்துவிடுவார். மின்சாரத்தை யாரும் அளப்பதில்லை. சந்தையில் மீட்டர் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். காளைக்கு எதிரே இருந்த இருநூற்று நாற்பத்து நான்கை நூற்று நாற்பத்து நான்காக மாற்றினேன். நேரில் வந்து கேட்டவர்களுக்கெல்லாம் உண்மையான எண்ணையே சொன்னேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்கு நாட்களில் பாஸ்கோரோவின் கண்ணாடியிலும் நூற்று நாற்பத்து நான்கு ஏறியது. சங்கத்தின் அடுத்த கூட்டம் பெருநாளுக்குப் பிறகு. அதுவரை காத்திருந்தால் போதும்.

நோன்பு தொடங்குவதற்கு முந்தைய வாரம் நிங்ரும் அம்மையார் வந்தார். ரயில் பாதைக்கு அருகே விளையாட்டுக் கூடம் நடத்தியவர். நோன்பு திறக்கும் வரை பொழுதைக் கழிக்க இளைஞர்கள் கூடும் அந்த ஒரு மாதம்தான் அவருக்கு அறுவடை. கையில் பாஸ்கோரோவின் தாள் இருந்தது.

"பன்னண்டு காளை வாங்கலாம்னு இருக்கேன், பாக். இப்ப இருக்கிற பவர் சப்ளையே தாங்கும்னு அவன் சொல்றான். நெசமா?"

"அது அவன் தாள், இபு. எழுதினவனத்தான் கேக்கணும்."

"அவன் வாயில எது வந்தாலும் சொல்லுவான். விக்கிறதுன்னா காளை பாலு கறக்கும்னுகூடச் சொல்லுவான். அதான் உங்ககிட்ட வந்தேன்." கண்ணாடியில் ஒட்டியிருந்த என் அட்டவணையில் விரல் வைத்துப் பார்த்தார். "உங்களுதும் அதேதான் சொல்லுது. அப்ப சரி."

கொண்டுவந்திருந்த வாழைப்பழ பஜ்ஜியில் இரண்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் பொய் ஏதும் சொல்லவில்லை. கேள்வியும் அவருடையது, பதிலும் அவருடையது. தவிர, அந்தத் தாளை நம்பி ஒருவர் பன்னிரண்டு கார்டு வாங்கினால், சங்கத்தில் அதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்காது.

எரியும் என்று தெரியுமா எனக் கேட்டீர்கள். தெரியும். மலிவான பவர் சப்ளையில் பெரிய கார்டைப் பூட்டினால் முதலில் கம்பியின் உறை இளகும், பிறகு நிறம் மாறும். நானே இரண்டைக் கருக்கியிருக்கிறேன். அப்போது அருகில் மணல் வாளி வைத்திருந்தேன். நோன்பு மாதத்தில் இருமுறை அந்தக் கூடத்தைக் கடந்து நடந்தேன். இரண்டாம் முறை, உறை கருகும் அந்த வாசனை தெருவரை வந்தது. எண்ணைத் திருத்த ஒரு நிமிடம் போதும். ஆனால் நான் திருத்திய அன்றே அவனும் திருத்திவிடுவான். இத்தனை நாள் காத்திருந்தது வீணாகிவிடும். வீட்டுக்குப் போய்விட்டேன். மிகவும் களைப்பாக இருந்தது.

பத்தொன்பதாம் நோன்பு, மாலை நாலேகால் மணி. நோன்பிருப்பவர்களுக்கு மரியாதையாக, வழக்கம்போல முன் ஷட்டரை முக்கால்வாசி இறக்கியிருந்தார்கள். பன்னிரண்டு காளைகளும் ஒருசேர முழு வேகத்தில் ஓடின. தீப்பிடித்த பிறகு நடந்ததை நீங்கள் அளந்திருக்கிறீர்கள். நிங்ரும் அம்மையார் முதலிலேயே வெளியே வந்துவிட்டாராம். தலைகளை எண்ணிப் பார்த்து, மூன்று குறைகிறது என்று மீண்டும் உள்ளே போனாராம். அவரையும் சேர்த்து நால்வர்.

எண்ணை மாற்றியவன் நான். கேட்டபோது சொல்லாதவனும் நான். எதையும் மறுக்கவில்லை. எங்கே கையெழுத்திட வேண்டுமோ காட்டுங்கள்.

பாஸ்கோரோ உங்கள் முன் அழுததாகவும், தன் எண்கள் அனைத்தும் என்னிடமிருந்து எடுத்தவை என்று ஒப்புக்கொண்டதாகவும் காலையில் சொன்னீர்கள். நல்லது, ஐயா. இறந்தவர்களின் பெயர்களுக்குக் கீழே, நான்காம் பக்கத்தில் அதை எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தின் நகல் ஒன்றை மட்டும் சங்கத் தலைவருக்கு அனுப்பிவைக்க முடியுமா?