நீதவானுக்கு முன்னால் சொல்லவேண்டிய பதில்

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மலிவான ஒரு மெக்சிகன் உணவுக்கடை. மதியம் நான் வரிசையில் நின்றபோது, பக்கத்து மேசையில் ஒரு பெண் தமையனிடம் கேட்டாள்:

"என்ரை கிட்னியை உங்களுக்குத் தந்தாப் பிறகும் நான் உறைப்புச் சாப்பிடலாமோ, அண்ணை?"

"ஓம், சாப்பிடலாமாம். டொக்டரைக் கேட்டனான்."

அவள் முன்னால் கோழி வைத்து மடித்த சோள ரொட்டித் தாக்கோ இரண்டு இருந்தன. அவருக்கு முன்னால் அரைக் குவளை தண்ணீர் மட்டும்.

"நாளைக்குத் திரிபுனால் கோட்டிலை நீதவான், விருப்பத்தோடைதான் கிட்னி தாறியோ எண்டு உன்னைத் தனியக் கேட்பார். விருப்பமில்லையெண்டால் சொல்லிப்போடு. நான் கோவிக்க மாட்டன்."

"பயமாத்தான் கிடக்கு. மூண்டு நாளா நித்திரையில்லை."

"அப்ப வேண்டாம், பிள்ளை. உனக்கும் சின்னப் பிள்ளையள் இருக்கு. நான் டயாலிசிஸோடை சமாளிப்பன்."

அவள் கையிலிருந்ததைத் தட்டில் வைத்தாள்.

"பயமெண்டுதான் சொன்னனான், அண்ணை. தரமாட்டன் எண்டு சொல்லேல்லை."

அவர் தன் தண்ணீர்க் குவளையைத் தள்ளி வைத்தார். பிறகு தட்டிலிருந்த தேசிக்காய்த் துண்டை எடுத்து, அவளுடைய தாக்கோவின் மேல் பிழிந்துவிட்டார். பாதிச் சாறு மேசையில் சிந்தியது.